செய்மதிக்குக் கட்டளை அனுப்பும் மென்பொருள்: ஒருமுறை எழுதினால் போதுமா?

மாங்குளம், கமக்காரர்: செய்மதி மேலே போனபிறகு சும்மா சுற்றிக்கொண்டுதானே இருக்கும் தம்பி, பிறகென்ன செலவு?

பதில்: சம்பளம்தான் ஐயா. 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிற செய்மதி எங்கள் தலைக்கு மேலால் போகும்போது 10 நிமிடம் அளவில்தான் பேசக் கிடைக்கும். அது நடுச்சாமமாகவும் இருக்கலாம். ஆள் விழித்திருக்க வேண்டும்.

அறிவியல் நகர், பொறியியல் மாணவி: அண்ணா, ஒவ்வொரு செய்மதிக்கும் கட்டளைகள் வேறு. ஒரே மென்பொருளை எப்படித் திரும்பப் பாவிப்பது?

பதில்: லான்ட்மாஸ்டரை, அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை, பாருங்கள் தங்கச்சி. கலப்பை பூட்டினால் உழும், பெட்டி பூட்டினால் நெல் ஏற்றும், இயந்திரம் அதேதான். இங்கே இயந்திரம் என்பது நிரல், கலப்பை என்பது கட்டளை அட்டவணை. 'கமராவை இயக்கு' என்பதன் எண் என்ன, கூட என்ன அளவுகள் போக வேண்டும், எந்த எல்லைக்குள், எல்லாம் அட்டவணையில் இருக்கும். நிரல் அதை வாசித்து, செய்மதிக்குப் போக வேண்டிய தரவை ஒரு பொதியாகக் கட்டி அனுப்பும். புதுச் செய்மதிக்கு அட்டவணையை மட்டும் மாற்றலாம். நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் எண்களை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். ஓர் எண்ணை மாற்ற முழுச் சோதனையையும் முதலில் இருந்து ஓட்டினோம்! காசு கரைவது அங்கேதான். இரவுப் பணியும் குறையும்: கட்டளை வரிசையைப் பகலில் எழுதி வைத்தால், செய்மதி வரும்போது நிரலே அனுப்பிவிடும்.

வவுனியா, கணினி ஆசிரியை: அப்படி ஏதும் ஏற்கனவே இருக்கிறதா?

பதில்: இருக்கிறது ரீச்சர், இலவசமாகவே. தரையில் பாவிக்க யாம்ஸ், கொஸ்மோஸ் என்ற மென்பொருள்கள். செய்மதிக்குள் ஓட நாசாவின் சிஎஃப்எஸ், நாசாவின் ஆய்வுகூடமான ஜேபிஎல்லின் எஃப் பிரைம். செவ்வாயில் 2021இல் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலியில் ஓடியது எஃப் பிரைம்தான்.

முல்லைத்தீவு, இளைஞர்: பழையதை நம்பி யாரும் ஏமாறவில்லையா அண்ணை?

பதில்: ஏன் இல்லை! 1996 ஜூன் 4, ஐரோப்பாவின் ஏரியான் 5 ரொக்கெட்டின் முதல் பயணம். ஏரியான் 4இன் மென்பொருளில் ஒரு பகுதியை அப்படியே போட்டிருந்தார்கள். புது ரொக்கெட்டின் வேகம் கூட. அதனால் வந்த பெரிய எண், அதற்கென்று ஒதுக்கியிருந்த 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை. ஒரு நிமிடம் ஆகமுதல் வெடித்துச் சிதறியது. நிரல் பழையது என்றாலும், புது எல்லைகளில் சோதனை புதிதாக நடக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அதே இளைஞர்: சரி, இங்கிருந்தே பழகலாமா?

பதில்: தாராளமாக. யாம்ஸோடு பழகுவதற்கென்றே ஒரு போலிச் செய்மதி கிடைக்கும், மடிக்கணினி போதும். உண்மைச் செய்மதிக்குக் கட்டளை அனுப்புவதை மட்டும் உரிமம் உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள்.