லயத்து வீட்டில் ஒரு வில்: கேள்வி பதில்

மரபு வில்வித்தையைப் பிள்ளைகளுக்குப் பழக்குவது பற்றி இலங்கை மலையகத்தின் பல பக்கங்களிலிருந்தும் கேட்டவர்களுக்கு மாஸ்டரின் பதில்கள்.

ஹட்டன்: மகனுக்கு எட்டு வயது, மாஸ்டர். என் வில்லைத்தான் இழுப்பேன் என்று அழுகிறான். கொடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. இழுக்கப் பாரமான வில் என்றால் பிள்ளை தோளைத் தூக்கி, முதுகை வளைத்துத்தான் இழுப்பான். அந்தப் பழக்கம் லேசில் போகாது. அவனுக்கு இழுக்கும் பாரம் பத்து இறாத்தல் (பவுண்டு) போதும். கடை வில்லில் எழுதியிருக்கும் இறாத்தல் பெரும்பாலும் 28 அங்குலம் இழுத்தால் வரும் கணக்கு. எட்டு வயதுக் கை அவ்வளவு தூரம் இழுக்காது, அதனால் அவனுக்கு வரும் பாரம் இன்னும் குறைவு. முழுக்க இழுத்து, மூன்று எண்ணும் வரை நடுங்காமல் பிடித்தால் அது அவனுக்கான வில்.

பண்டாரவளை: மூங்கிலில் வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், அதுதான் முக்கியம். மூன்று வருடமாவது முற்றிய மூங்கிலை மழையில்லாத நாளில் வெட்டி, பிளந்து, நிழலில் காயவையுங்கள். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே பிறந்தால் மழையும் பனியும்தான். அங்கே அடுப்புக்கு மேலே கட்டினால்தான் காயும்.

மூங்கிலின் தோல் பக்கம் இலக்கைப் பார்த்து இருக்க வேண்டும். வில் வளையும்போது இழுபடுவது அந்தப் பக்கம். பலமான நார்கள் தோலை ஒட்டித்தான் நெருங்கிக் கிடக்கின்றன. அதைச் சீவினால் வில் போச்சு. உட்புறத்தை மட்டும் கொஞ்சம் சுரண்டி, நாணேற்றி, மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பாருங்கள். இந்தப் பார்க்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். “மேலே விறைப்பா இருக்குப்பா” என்று அவன் சொல்லி, நீங்கள் அந்த இடத்தைச் சுரண்டிச் சரிசெய்தீர்களா, அப்புறம் அவனை வில்லிலிருந்து பிரிக்க முடியாது.

இன்னொன்று. அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடக் கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை வில்லுக்கே திரும்பி அதைப் பிளந்துவிடும்.

தலவாக்கலை: மாசியில் காமன் கூத்து பார்த்ததிலிருந்து மகள் வில் கேட்கிறாள். அது நிஜ வில் இல்லையே?

இல்லைதான். மன்மதனுக்குக் கரும்பு வில், அம்பு ஐந்தும் பூ. ஆனால் ஆசை எங்கிருந்து வந்தால் என்ன அம்மா? என்னைக் கேட்டால் அருச்சுனன் தபசு இன்னும் நல்ல தொடக்கம். ஒரே பன்றிமேல் அருச்சுனனும் வேடனாக வந்த சிவனும் அம்பு விட்டுவிட்டு, யார் அம்பில் செத்தது என்று சண்டை பிடிக்கிறார்கள். அந்தக் கதையைச் சொல்லி, வீட்டில் ஆளுக்கொரு நிறம் என்று அம்பின் வாலில் வண்ணம் பூச விடுங்கள். எங்கள் வீட்டில் மஞ்சள் என் மனைவியுடையது. கொழுந்தெடுத்த விரல், நாணை அவளைப்போல் பதமாக விட எங்களில் ஒருவருக்கும் வராது.

நுவரெலியா: சுற்றிலும் தேயிலை. எங்கே எய்வது?

தோட்டத்தில் கேட்டுக்கொண்டு, உயரமான மண்மேட்டைப் பார்த்து எய்யுங்கள். பள்ளத்தைப் பார்த்து ஒருபோதும் வேண்டாம். கீழ் மலையில் கொழுந்தெடுப்பவர்கள் உங்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். பழைய துணி திணித்த உரப்பை, 10 மீற்றர் தூரம், அவ்வளவுதான். எல்லாரும் எய்து முடித்த பிறகே அம்பு பொறுக்கப் போக வேண்டும்.

பதுளை: மகளுக்கு 14 வயது. ஆசையாக வந்தவள் இப்போது கூப்பிட்டால் முகம் சுளிக்கிறாள்.

கூப்பிடாதீர்கள். ஒவ்வொரு அம்புக்கும் “முழங்கை, முழங்கை” என்றிருப்பீர்கள், பாவம் பிள்ளை. நீங்கள் தனியாகப் போய் எய்யுங்கள். தம்பி, தங்கை இருந்தால் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவளிடம் கொடுங்கள், நடுவில் வாய் திறக்காதீர்கள். வராமலே போகவும் கூடும். அதற்காகக் கோபித்துக்கொள்ளும் அப்பாக்களைத்தான் எனக்குப் பிடிப்பதில்லை.

ஹப்புத்தளை: தாத்தாவின் வில் சுவரில் தொங்குகிறது. எய்து பார்க்கலாமா?

நாணேற்றவே வேண்டாம். பல வருடம் காய்ந்த மரம் முகத்துக்கு நேரே முறியும். நீளம், அகலம், தடிப்பு எல்லாம் பிள்ளைகளை அளக்கச் சொல்லி, அதே அளவில் புதிதாக ஒன்று செய்யுங்கள்.