கிராபியில் ஒரே நாளில் படகில் எத்தனை தீவுகளைச் சுற்றலாம்? நீச்சல் தெரியாதவர் உடன் வரலாமா?

கோயம்புத்தூரிலிருந்து நண்பர்களோடு தாய்லாந்து செல்லவிருப்பதாகவும், கிராபியில் படகுப் பயணத்துக்கு ஒரே ஒரு நாள்தான் கைவசம் இருப்பதாகவும், நான்கு தீவுகள், ஏழு தீவுகள், பி பி தீவுகள் என்று விற்கப்படும் மூன்று பயணங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்றும், நீச்சல் தெரியாத ஒருவரை அழைத்துச் செல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் ஐந்து பேர் தை அமாவாசைக்கு மறுநாளை முழுவதுமாக அந்தக் கடலில் கழித்தோம். அதை வைத்துச் சொல்கிறேன்: நான்கு தீவுப் பயணத்தையே எடுங்கள், முடிந்தால் உங்களுக்கென்று தனிப் படகாகப் பேசிக்கொள்ளுங்கள், எத்தனை தீவு என்று எண்ணுவதை விட்டுவிட்டு அன்றைக்கு என்ன திதி என்று பாருங்கள். நீச்சல் தெரியாதவர் தாராளமாக வரலாம். நீச்சல் தெரிந்தவர்களைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

எங்களைப் பற்றிச் சிறிது சொன்னால்தான் இது விளங்கும். ஐவரும் கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறார், நான் உட்பட மூவர் கோவையில் வேலை பார்க்கிறோம், என் பெரியப்பா மகனான அண்ணன் ஊரிலேயே நெல்லும் மஞ்சளும் பயிரிடுகிறார். நாங்கள் நால்வரும் சிறு வயதில் முதுகில் சுரைப்புருடையைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். அண்ணன் அந்த வயதில் ஒரு முறை தண்ணீர் குடித்து மூச்சு முட்டியதிலிருந்து கொடிவேரி அணையில்கூட முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.

முன்பதிவு செய்யும்போது ஒரு பயண முகவர் எங்களுக்குக் கொடுத்த அட்டவணையில் காலை 10 மணிக்குத் ‘தாலே வேக்’ என்று இருந்தது. பிளந்த கடல் என்பது அந்தப் பெயரின் பொருள். கோழித் தீவு, தப் தீவு, மோ தீவு ஆகிய மூன்றையும் இணைக்கும் ஒரு வெண்மணல் திட்டு, கடல் வற்றும்போது மட்டும் வெளியே வந்து நடைபாதையாகி, நீர் ஏறும்போது மீண்டும் மறைந்துவிடும். நாங்கள் அந்த ஊருக்குப் போனதே அதைப் பார்ப்பதற்காகத்தான். முந்தின நாள் மாலை ஆவ் நாங் கடற்கரையில் தனிப் படகுக்காகப் பேசிய படகோட்டி எங்கள் அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். தம் கைப்பேசியில் கடல் மட்டத்தைக் குறிக்கும், ஏறி இறங்கும் ஒரு வளைகோட்டைக் காட்டி, காலை பத்து மணி என்பது கோட்டின் உச்சி என்றும், அதன்பின் சரியத் தொடங்கிப் பிற்பகல் மூன்றுக்கு மேல்தான் அது அடியை நெருங்குகிறது என்றும் விரலால் விளக்கினார். அட்டவணைப்படி போயிருந்தால் அந்தத் திட்டு இருக்கும் இடத்தில் கழுத்தளவுத் தண்ணீரைத்தான் பார்த்திருப்போம்.

அந்த வளைகோட்டை எங்களில் முதலில் புரிந்துகொண்டவர் அண்ணன். “தம்பி, இது நம்ம வாய்க்கா முறையாட்டவே இருக்குதப்பா” என்றார். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் 2.07 லட்சம் ஏக்கரும் ஒரே சமயத்தில் தண்ணீர் பெறுவதில்லை. முறை வைத்துத்தான் விடுவார்கள். தம் முறை வரும்போது நடுநிசியானாலும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய் நிற்கும் மனிதருக்கு, தண்ணீர் வரும் நேரத்துக்கு நாம்தான் போக வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கடல் மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவதை ஓதம் என்பார்கள். அதன் கணக்கு கடினமானதன்று. சூரியனும் நிலவும் ஒரே நேர்கோட்டில் நின்று இழுக்கும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் மிகும், வற்றமும் மிகும். அட்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் குறையும். ஒரு வற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் ஆவதால், அது நாள்தோறும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். சென்னையிலோ ராமேசுவரத்திலோ ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரை ஒட்டியே இருப்பதால் நாம் இதைப் பெரிதாகக் கவனித்திருக்க மாட்டோம். அந்தமான் கடலின் கிழக்குக் கரையில், அகன்று ஆழம் குறைந்த கடலடித் தளத்தின்மேல் நீர் ஏறி வருவதால், அமாவாசை நாட்களில் ஆளுயரத்துக்கு மேல் மட்டம் மாறுகிறது. வீட்டு நாள்காட்டியில் திதியையும், இணையத்தில் அன்றைய ஓத நேரத்தையும் பார்த்துவிட்டுப் படகு பேசுங்கள். கூட்டுப் படகுகள் ஒரே வரிசையில்தான் போகும். தனிப் படகென்றால் வரிசையை உங்கள் விருப்பப்படி மாற்றலாம்.

அங்குள்ள நீள்வால் படகு, மரத்தால் ஆன நீண்ட படகு. பின்புறம் ஒரு வாகன எஞ்சினைப் பொருத்தி, அதிலிருந்து நீளும் தண்டின் முனையில் விசிறியை வைத்திருக்கிறார்கள். ஆழமற்ற இடத்தில் படகோட்டி அந்தத் தண்டையே தூக்கிப் பிடித்துக்கொள்கிறார். முன்புற மூக்கில் பல வண்ணத் துணிகளும் மாலைகளும் கட்டப்பட்டிருக்கும். அங்கே ‘மே யா நாங்’ என்னும் பெண் தெய்வம் குடியிருப்பதாக அவர்கள் நம்புவதால், அதன்மேல் கால் வைக்கக் கூடாது. நம் ஊரில் கிணற்றோரத்திலும் ஆற்றங்கரையிலும் கன்னிமாரை வைத்துக் கும்பிடுபவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது; அண்ணன் ஏறும் முன் தம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

காலையில் பொடா தீவுக்குப் போனோம். அரை மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். கரைக்கு எதிரே கடலில் தனியாக நிற்கும் ஒரு பாறையைச் சுற்றிப் படகு திரும்பியபோது, நீர்மட்டத்தில் பாறையின் அடி உள்ளே குடைந்திருப்பதைப் பார்த்தேன். இவை அனைத்தும் சுண்ணாம்புக் கற்கள். பண்டைக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் பவளங்களும் படிந்து இறுகி உருவானவை. அதே கடல் இப்போது நாள்தோறும் இருமுறை ஏறி இறங்கி அவற்றை அடியில் கரைத்துக்கொண்டிருக்கிறது. மதுக்கரையில் சிமெண்டுக்காக வெட்டியெடுப்பதும் சுண்ணாம்புக் கல்தான் என்றாலும், அது கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து, உச்சியில் மரங்களோடு நிற்பதைக் காண்பது எங்களுக்கு முற்றிலும் புதிது.

அங்கிருந்து கோழித் தீவின் ஓரத்தில் படகை நிறுத்தி, முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து பவளப் பாறைகளின் மேல் மிதந்தோம். என் பதிலின் முக்கியமான எச்சரிக்கை இங்கேதான் வருகிறது. கிணற்று நீச்சல்காரருக்கு நீர் அசையாமல் இருக்கும், நான்கு பக்கமும் சுவர் இருக்கும், களைத்தால் படியைப் பிடித்துக்கொள்ளலாம். உப்பு நீரில் உடல் எளிதாக மிதப்பதைக் கண்டதும் திருப்பூர் நண்பர் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிப் படகில் போட்டுவிட்டார். பத்து நிமிடத்தில், வற்றத் தொடங்கியிருந்த கடலின் இழுப்பு அவரை நாங்கள் கூப்பிட்டால் கேட்காத தொலைவுக்குக் கொண்டுபோயிற்று. அவர் முழு வலுவோடு எதிர்த்து நீந்தியும் நின்ற இடத்திலேயே நின்றார். படகோட்டி நங்கூரத்தை எடுத்துப் படகோடு சென்று அவரை ஏற்றிவந்த பிறகு, நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த நேரமெல்லாம் அண்ணன் ஜாக்கெட்டின் பட்டைகளை இறுகக் கட்டி, படகின் ஏணியில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி, முகத்தை மட்டும் நீருக்குள் வைத்து மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஐவரில் அதிக நேரம் நீரில் இருந்தவர் அவரே.

பவளத்தின்மேல் கால் ஊன்றாதீர்கள். அது உயிருள்ளது, காலையும் கிழித்துவிடும். ஆக்ஸிபென்ஸோன் உட்பட நான்கு வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீன்களைத் தாய்லாந்து 2021 முதல் தன் தேசியப் பூங்காக்களில் தடை செய்திருக்கிறது. மீறினால் ஒரு லட்சம் பாட் வரை அபராதம் விதிக்கலாம். எனவே நம் ஊரிலிருந்து வாங்கிப் போகும் குழாயின் பின்புறத்தைப் படித்துவிடுங்கள். முழுக்கைச் சட்டையே போதும் என்பது என் கருத்து.

மூன்று மணிக்குத் தப் தீவுக்கு வந்தபோது திட்டு இன்னும் வரவில்லை. நீரின் நிறம் மட்டும் ஓரிடத்தில் வெளுத்திருந்தது. படகோட்டி காத்திருக்கச் சொன்னார். முதலில் இரண்டு பக்கத்து அலைகளும் நடுவில் வந்து ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் ஒரு கோடு தெரிந்தது. பிறகு அந்தக் கோட்டில் நுரை நின்றது. பிறகு ஒரு முழ அகலத்துக்கு ஈர மணல் பளபளத்தது. கால் மணி நேரத்துக்குள் அது வண்டித்தடம் அளவுக்கு விரிந்துவிட்டது. அண்ணன் தம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் இறங்கினார். வயல் வரப்பில் நடப்பவரைப் போல, இரு பக்கமும் கடல் இருக்க, பார்வையைத் தரையில் வைத்துக் கோழித் தீவை நோக்கி நடந்துபோனார். நடுவழியில் நின்று குனிந்து, இரண்டு கைகளாலும் இரு பக்கத்து நீரையும் தொட்டார். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதிருந்த மனிதர் நடுக்கடலில் அப்படி நின்றதைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு தீவுகளை எடுத்திருந்தால் அங்கே ஒன்றரை மணி நேரம் நின்றிருக்க முடியாது.

நான்காவதாகச் சொல்லப்படும் பிரா நாங் உண்மையில் தீவன்று. செங்குத்துப் பாறைகளால் பிரிக்கப்பட்டதால் படகில் மட்டுமே அடையக்கூடிய நிலப்பகுதிக் கடற்கரை. அங்கே நேரமில்லாமல் சிறிது நேரமே இறங்கினோம். பி பி தீவுகளுக்குத் திறந்த கடலில் நெடுந்தொலைவு போக வேண்டும். 2018 ஜூனில் மூடப்பட்டு 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட மாயா விரிகுடாவில் இன்று நீந்தவும் அனுமதியில்லை. அதற்குத் தனியாக ஒரு நாள் இருந்தால் மட்டும் போங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை, கார்த்திகை முதல் பங்குனி வரை நல்லது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பல்லடம், உடுமலை காற்றாலைகளைச் சுழற்றும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அந்தக் கடலையும் கொந்தளிக்க வைக்கிறது. 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 பேர் இறந்ததும் அந்தப் பருவத்தில்தான். விலை குறைவாக இருக்கிறது என்று அப்போது போக வேண்டாம்.

திரும்பி ஆவ் நாங் வந்தபோது கடல் நன்றாக வற்றியிருந்ததால் படகு கரைக்கு வர முடியவில்லை. பைகளைத் தலையில் வைத்து, முழங்காலளவு நீரிலும் சேற்றிலும் நெடுந்தொலைவு நடந்தோம். உங்களுக்கும் இது நேரலாம் என்பதால் கைப்பேசிகளுக்கு நீர் புகாத பை எடுத்துக்கொள்ளுங்கள். கரையேறியதும் அண்ணன் திரும்பிப் பார்த்து, “நாளைக்கு இந்த மணல் அம்பது நிமிசம் தள்ளித்தான் வருமப்பா” என்றார்.