ஓரியன் ஓட்டுபவர்களின் கேள்விகள்

நான் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வளர்ந்தவன். எண்பதுகளில் அம்மா கொடியில் துணி காயப்போடும்போது வீட்டுக்கு மேலே நாலு விசிறியோடு ஒரு சாம்பல் விமானம் தாழப் போகும். வாலில் தேள் கொடுக்கு போல ஒரு நீட்டல். அதுதான் ஆஸ்திரேலிய விமானப்படையின் கடல் ரோந்து விமானமான பி-3 ஓரியன் என்பது பிறகுதான் தெரிந்தது. கணினியில் விமானம் ஓட்டும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸில் (எஃப்எஸ்எக்ஸ்), இலவசமாகக் கிடைக்கும் ஓரியன் ஆட்-ஆனை, அதாவது தனியாகச் சேர்க்கும் விமானத்தை, பல வருடமாக ஓட்டுகிறேன். அதைப் பற்றி எனக்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: அண்ணே, டவுன்லோட் செய்து போட்டேன். விமானப் பட்டியலில் வரவே இல்லை. (செந்தூல்)

தம்பி, ஸிப்பைப் பிரித்த இடத்தைப் பாருங்கள். சிம்ஆப்ஜெக்ட்ஸ், அதற்குள் ஏர்பிளேன்ஸ், அதற்குள் ஓரியன் ஃபோல்டர். திறந்ததும் மாடல், பேனல், சவுண்ட், டெக்ஸ்சர் எல்லாம் நேராகத் தெரிய வேண்டும். பலருக்கு ஓரியனுக்குள் இன்னொரு ஓரியன் இருக்கும். அப்படியிருந்தால் சிமுலேட்டர் கண்டுகொள்ளாது.

கே: ஆஸ்திரேலிய வண்ணத்தைச் சேர்த்தேன். பட்டியலில் வருகிறது, ஆனால் விமானம் முழுக்கக் கறுப்பு.

ஏர்கிராப்ட் டாட் சிஎஃப்ஜி கோப்பைத் திறங்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் எஃப்எல்டிசிம் என்று ஒரு பகுதி இருக்கும், எண் பூஜ்யத்தில் தொடங்கும். 0, 1, 2 என்று விடாமல் போக வேண்டும். 2-க்கு அடுத்து 4 என்று போட்டால் அந்த நாலாவது வண்ணம் வராது. உங்களுக்கு வருகிறது என்பதால் எண் சரி. அப்படியானால் 'டெக்ஸ்சர்=' வரிதான் காரணம். ஃபோல்டரின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ அதையே எழுத்து மாறாமல் அங்கே எழுத வேண்டும். 'டைட்டில்' வரியும் மற்ற எந்த விமானத்துக்கும் இல்லாததாக இருக்கட்டும்.

இன்னொன்று: விண்டோஸ் கோப்பின் வாலை மறைத்துவிடும். நோட்பேடில் சேமித்தது சிஎஃப்ஜி டாட் டிஎக்ஸ்டி ஆகியிருக்கும், நமக்குத் தெரியாது. இதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறக்கூட எழாமல் உட்கார்ந்திருந்தவன் நான்.

கே: த்ராட்டிலைத் தள்ளினால் ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) ஏறுகிறது, இழுத்தால் இறங்குகிறது. நிஜ ஓரியனில் அப்படி இல்லை என்கிறார்களே? (பாயான் லெப்பாஸ்)

நிஜத்தில் அப்படி இல்லைதான். ஓரியனின் நான்கு அலிசன் டி56 இன்ஜின்களும் ஒற்றைத் தண்டு வகை. டர்பைன், கம்ப்ரஸர், கியர்பெட்டி, விசிறி எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை. பறக்கும்போது டர்பைன் நிமிடத்துக்கு 13,820 சுற்று, கியர்பெட்டியால் குறைந்து விசிறி 1,020 சுற்று. பைலட் எவ்வளவு சக்தி கேட்டாலும் இந்த எண் மாறாது. மாறுவது எரிபொருளின் அளவும் விசிறி இதழ்களின் கோணமும்தான். அதனால்தான் ஓரியன் தலைக்கு மேல் போகும்போது ஒரே சுருதியில் இரையும். இறங்கும்போதுகூட அந்தச் சுருதி தணியாது.

எஃப்எஸ்எக்ஸின் டர்போபிராப் கணக்கு வேறு. அது கிங் ஏர் போன்ற விமானங்களின் பிடி6 இன்ஜினை மனதில் வைத்து எழுதியது. அதில் சக்தி டர்பைனும் கம்ப்ரஸரும் தனித்தனியாகச் சுற்றும். இலவச ஆட்-ஆன் செய்கிறவர்கள் இந்தக் கணக்குக்குள் டி56-ஐ அடைக்க வேண்டும். விசிறியின் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் குறைந்தபட்ச அளவை உச்ச அளவுக்குப் பக்கத்தில் உயர்த்திவைப்பார்கள், சிலர் மீட்டரின் முள்ளை மட்டும் 100 விழுக்காட்டில் கட்டிவிடுவார்கள். உங்கள் பதிப்பில் இரண்டும் செய்யவில்லை போலிருக்கிறது. காசு வாங்காமல் செய்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. விசிறிச் சுற்றை மாற்றும் லீவரை முழுக்க முன்னால் தள்ளிவைத்துவிட்டு மறந்துவிடுங்கள். நிஜ ஓரியனில் அந்த லீவரே கிடையாது.

கே: ரோந்தில் ஒரு இன்ஜினை நிறுத்துவார்களாமே? செய்து பார்த்தேன், திரும்ப ஓட்டும்போது விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கடலில் விழுந்தது. (கிள்ளான்)

இதைத்தான் நான் மிகவும் ரசித்துச் செய்வேன். இடது ஓரத்து முதல் இன்ஜினைத்தான் வழக்கமாக நிறுத்துவார்கள். அதில் ஜெனரேட்டர் கிடையாது, நிறுத்தினால் மின்சாரம் குறையாது. எரிபொருள் மிச்சமாகும், கடல்மேல் அதிக நேரம் நிற்கலாம். அதன் புகையும் இல்லாததால் பின்னால் இடது ஜன்னலில் கண் பதித்திருப்பவருக்குக் காட்சி தெளியும். சில சமயம் நாலாவதையும் சேர்த்து நிறுத்துவதுண்டு.

நீங்கள் கடலில் விழுந்த கதை எனக்கும் நடந்ததுதான். விசைப்பலகையில் ஈ (E) விசையை அழுத்தி 1-ஐ அழுத்தினால் முதல் இன்ஜின் மட்டும் தேர்வாகும். அதை நிறுத்திய பிறகு ஈ, 1, 2, 3, 4 என்று வரிசையாக அழுத்தி எல்லாவற்றையும் மறுபடி சேர்க்க வேண்டும். மறந்தால் உங்கள் ஜாய்ஸ்டிக் அந்த நின்றுபோன இன்ஜினோடு மட்டும்தான் பேசும். நீங்கள் த்ராட்டிலைத் தள்ளுவீர்கள், மற்ற மூன்றும் அசையாது, வேகம் விழும், பதறுவீர்கள். நிறுத்தியதும் விசிறி இதழ் காற்றுக்கு விளிம்பு காட்டி அசையாமல் நிற்கிறதா என்று வெளிக்காட்சியில் பாருங்கள். சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் அது பிரேக் போட்ட மாதிரி இழுக்கும்.

கே: எங்கே ரோந்து போவது? கடல் எல்லாம் ஒரே நீலம், போரடிக்கிறது.

பட்டர்வொர்த் ஓடுபாதை 36-இல் கிளம்பி இடப்பக்கம் திரும்பி 280 டிகிரி பிடியுங்கள். 1,500 அடி, 200 நாட். இடது ஜன்னலில் பத்து பெரிங்கி கடற்கரை, அதற்குப் பின்னால் கொடிமலை. உச்சி 833 மீட்டர், அதாவது உங்களைவிட ஆயிரம் அடிக்கு மேல் உயரம். முதல் இன்ஜினை நிறுத்த நல்ல இடம். அப்படியே ஏறக்குறைய 90 கடல் மைல் போனால் பூலாவ் பேராக், மலாக்கா நீரிணையின் நடுவில் தன்னந்தனியாக ஒரு பாறை. போக வர ஒரு மணி நேரம். டிராஃபிக் அமைப்பில் கப்பல் அளவைக் கூட்டிவையுங்கள், கண்ணுக்கு வேலை கிடைக்கும்.

இதே கடலில்தான் ஆஸ்திரேலிய ஓரியன்கள் ஆப்பரேஷன் கேட்வே என்ற பெயரில் எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து ரோந்து போனார்கள். 2014-இல் எம்எச்370 காணாமல் போனபோது முதலில் தேடப் போனவற்றிலும் அவை உண்டு. இப்போது அந்த வேலை போயிங் 737-இலிருந்து உருவான பி-8-இடம் போய்விட்டது.

கே: மலேசிய விமானப்படை வண்ணம் கிடைக்குமா அண்ணே?

யாராவது வரைந்திருந்தால் அது கற்பனை. நம் படை ஓரியன் ஓட்டியதே இல்லை. 1994-இலிருந்து கிங் ஏர் 200டி-யைக் கடல் ரோந்துக்கு வைத்திருக்கிறார்கள். 2023-இல் இரண்டு ஏடிஆர் 72 ரோந்து விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். நம் வண்ணத்தில்தான் ரோந்து போக வேண்டும் என்றால் சுபாங்கிலிருந்து கிங் ஏரில் போங்கள். எஃப்எஸ்எக்ஸின் இன்ஜின் கணக்கும் அதற்குப் பொருந்தும்.

கே: சோனாபோய் (நீருக்கடியில் ஒலி கேட்கும் மிதவை) போட முடியுமா? நீர்மூழ்கி தேட முடியுமா?

முடியாது. வாலில் இருக்கும் அந்தக் கொடுக்கு நிஜத்தில் நீர்மூழ்கியின் காந்த மாறுபாட்டை உணரும் கருவி. இங்கே வெறும் அலங்காரம்.

கே: பி3டி-யில் (லாக்ஹீட் மார்ட்டினின் பிரிபேர்3டி சிமுலேட்டர்) போட்டேன், பாதி மீட்டர்கள் காலி. (பிரிக்பீல்ட்ஸ்)

எந்தப் பதிப்பு என்று நீங்கள் சொல்லவில்லை, நான்காவதோ அதற்குப் பிறகோதான் இருக்கும். அது 64 பிட். பழைய 32 பிட் மீட்டர் கோப்புகளை அது ஏற்றாது. எக்ஸ்எம்எல்லில் எழுதியவை மட்டும் ஓடும், மீதம் இருட்டு. அந்த மீட்டர்களை வேறொரு பேனலிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். பொறுமை வேண்டும். (பி3டி-யில் பி-3 ஓட்டுவது என்று பேச ஆரம்பித்தாலே வீட்டில் குழம்பிவிடுகிறார்கள். இரண்டையும் செய்தது ஒரே லாக்ஹீட் என்பது கூடுதல் வேடிக்கை.)

கே: கோலாலம்பூரில் ஒரு கணினிக் கடையில் இதே ஓரியனை டிவிடியில் போட்டு 20 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். அசல்தானா?

ஐயோ, இலவசத்துக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். என்னையும் பல வருடம் முன்பு ஒரு கடைக்காரர் இப்படித்தான் ஏமாற்றினார். அந்த டிவிடியில் ரீட்மீ கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் விற்கக்கூடாது என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். விற்கிறவர்கள் முதலில் அழிப்பதும் அந்தக் கோப்பைத்தான்.

கே: இறங்கும்போது ஓடுபாதையில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

சக்கரம் தொட்டதும் எஃப்2 விசையை அழுத்திப் பிடியுங்கள், விசிறி எதிர்ப்பக்கம் தள்ளும். 60 நாட்டுக்குக் கீழே விட்டுவிடுங்கள். அதற்கு முன்னால், நாலு இன்ஜினும் தேர்வில் இருக்கிறதா என்று ஒருமுறை ஈ, 1, 2, 3, 4. மூன்று இன்ஜின் ரிவர்ஸ் போய் ஒன்று போகாவிட்டால் ஓடுபாதையை விட்டுப் புல்லுக்குப் போவீர்கள்.