ஆடாதோடைக் கஷாயம்: மூன்று பேருக்கும் ஒரே சட்டியா?

கேள்வி: வேலியோரம் ஆடாதோடை தழைத்து நிற்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சளி இருமல். எனக்கு 58 வயது, பேரனுக்கு 8, மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. மூவருக்கும் சேர்த்தே கஷாயம் போடலாமா? எத்தனை இலை? மிளகு அவசியமா?

பதில்: மருமகளுக்கு வேண்டவே வேண்டாம். காரணத்தைச் சொன்னால் மற்ற இருவருக்கும் என்ன செய்வது என்பதும் விளங்கிவிடும்.

ஆடாதோடை இலை அப்படிக் கசப்பதற்கு வாசிசின் என்னும் ஆல்கலாய்டு (செடியில் இயற்கையாக இருக்கும் வேதிப்பொருள்) முக்கியக் காரணம். மூச்சுக்குழாயில் அப்பிக் கிடக்கும் கெட்டிச் சளியை இளக்கி, இருமினால் வெளியே வரும்படி செய்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மருந்துக்கடை இருமல் சிரப்பு அட்டையில் புரோம்ஹெக்சின் என்று போட்டிருப்பார்களே, அது இந்த வாசிசினை மாதிரியாக வைத்து 1960-களில் உருவாக்கப்பட்டதுதான். அது உடம்புக்குள் போய் மாறும்போது உண்டாகும் பொருளே ஆம்ப்ராக்சால். ஆனால் வாசிசின் கருப்பையையும் சுருங்க வைக்கும். ஜம்முவிலுள்ள அரசு ஆய்வுக்கூடத்தில் இந்தக் குணத்தைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே கர்ப்பிணி விஷயத்தில் ‘இலைதானே, அரை டம்ளர் என்ன செய்துவிடும்’ என்ற பேச்சுக்கு இடமில்லை. கபசுரக் குடிநீரிலும் ஆடாதோடை இலை உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. மருமகளுக்கு வெறும் வெந்நீர் ஆவியும், உப்புநீர்க் கொப்பளிப்பும் கொடுங்கள். காய்ச்சலோ மூச்சிரைப்போ இருந்தால் அவரைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் அன்றே காட்டிவிடுங்கள்.

இனி உங்களுக்கு. கொழுந்தும் வேண்டாம், மஞ்சள் விழுந்த முற்றலும் வேண்டாம். நடுத்தரமான பச்சை இலை ஐந்து எடுங்கள். இரண்டு முனையும் கூராக, மாவிலை போல நீண்டு, தண்டில் எதிரெதிராக இருக்கும். பூ வெள்ளையாக, உள்ளே ஊதா வரி ஓடியிருக்கும். கழுவி, நடு நரம்பைக் கிழித்து எறிந்துவிட்டு, இலையைத் துண்டாக்கி, இரண்டு டம்ளர் தண்ணீரில் (சுமார் 400 மி.லி.) போட்டு, மூடாமல் சிறுதீயில் 100 மி.லி. ஆகும்வரை சுண்டவிடுங்கள். மண்சட்டியோ எவர்சில்வரோ போதும், அலுமினியம் வேண்டாம். வடிகட்டி, காலையில் பாதி, மாலையில் பாதி, சாப்பாட்டுக்குப் பிறகு. குடிக்கிற சூட்டுக்கு வந்தபின் ஒரு தேக்கரண்டி தேன் கலக்கலாம். சர்க்கரை நோய் இருந்தால் தேனும் வேண்டாம், பனங்கற்கண்டும் வேண்டாம். கசப்போடு விழுங்க வேண்டியதுதான். மூன்று முதல் ஐந்து நாள் போதும். மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

வடித்ததும் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். முகம் சுளிக்கும்படி கசக்க வேண்டும். கசப்பே இல்லையென்றால் இலை வேறு, அல்லது தண்ணீர் கூடிப்போயிற்று. கசப்பு தாங்காமல் வெல்லத்தைக் கொட்டிப் பாகாக்கிக் குடிப்பதைவிட, ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு வாயைக் கொப்பளிப்பது மேல். சிலர் இலையை இட்லிப் பானையில் அவித்துப் பிழிந்து சாறெடுப்பார்கள். பச்சையாக இடித்தால் இந்த இலை சாறு விடாது என்பதால் வந்த வழக்கம் அது. அந்தச் சாறு கஷாயத்தைவிட மிகக் கெட்டி. அதைப் போய் டம்ளர் கணக்கில் குடித்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் மிச்சம்.

மிளகு கட்டாயமில்லை. சேர்ப்பதானால் மூன்றைத் தட்டிப் போடுங்கள். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் மற்றப் பொருள்கள் இரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டும். ஆடாதோடையோடு திப்பிலியைச் சேர்க்கும் பழைய வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சிக்கலும் அங்கேதான். நாம் விழுங்கும் மாத்திரை மருந்துகள் இரத்தத்தில் சேரும் அளவையும் பைப்பரின் ஏற்றிவிடும். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் கலந்த மாத்திரையோ, வலிப்புக்கு ஃபெனிட்டாயினோ சாப்பிடுகிறவர்கள் மிளகையும் திப்பிலியையும் விட்டுவிடுங்கள். அதேபோல, ஆம்ப்ராக்சால் சிரப் ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே கஷாயமும் எதற்கு? ஏதாவது ஒன்று போதும்.

சளியே இல்லாத வறட்டு இருமலுக்கு இதில் பெரிய பலன் எதிர்பார்க்காதீர்கள். இரத்த அழுத்த மாத்திரைகளில் எனலாப்ரில், ராமிப்ரில் வகையாலும் வறட்டு இருமல் வரும். உங்கள் மாத்திரை அட்டையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பேரனுக்கு வீட்டுக் கஷாயத்தைவிட ஆடாதோடை மணப்பாகு (சர்க்கரைப் பாகில் செய்த சித்த மருந்து) நல்லது. இலைக்கு இலை, பருவத்துக்குப் பருவம் வாசிசின் அளவு மாறும். பெரியவர் உடம்பு அதைத் தாங்கும், எட்டு வயதுக்குக் கணக்கு வேண்டும். சித்த மருத்துவர் பையனின் எடையைப் பார்த்து அளவு சொல்வார். மணப்பாகில் சர்க்கரை நிறைய இருப்பதால் இரவில் குடித்ததும் வாய் கொப்பளிக்க வையுங்கள். இழுப்போ, மூச்சு விடும்போது விலா உள்வாங்குவதோ தெரிந்தால் மணப்பாகும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை யாராவது வீட்டில் இருந்தால் தேனை நாக்கில் தடவக்கூடக் கூடாது.

உங்களுக்கு இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, சளியில் இரத்தம் தெரிந்தாலோ, கஷாயத்தை நிறுத்திவிட்டு அரசு மருத்துவமனையில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அங்கே அது இலவசம்.