ஆயுதக் குழுக்களின் கூட்டணியும் விசுவாச உறுதிமொழியும் எவ்வளவு காலம் நிற்கும்?

ஏதோ செய்தியைப் பார்த்துவிட்டு இதைக் கேட்டிருப்பீர்கள். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். எங்களுக்கு இது வீட்டுக் கதை. தலைவர்களின் கூட்டணி பொது எதிரி சாயும்வரைதான். கீழே இருப்பவன் கொடுத்த வாக்கோ அவனை விடாமல் துரத்தும்.

1943 இறுதியில் மலாயாக் காட்டில் கம்யூனிஸ்டுகளும் பிரிட்டிஷ் அதிகாரிகளும் ஜப்பானுக்கு எதிராகக் கைகோத்தார்கள். விமானங்கள் ஆயுதம் போட்டன. போர் முடிந்ததும் கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்குக்குப் பிரிட்டன் பதக்கமே அளித்தது. 1945 டிசம்பரில் ஆளுக்கு 350 வெள்ளி (மலாயா டாலர்) கொடுத்து அந்தக் கம்யூனிஸ்டுப் படையைக் கலைத்தார்கள். துப்பாக்கிகள் எல்லாம் திரும்பவில்லை. 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் பிரிட்டிஷ் அரசு அவசரகாலம் அறிவித்தது. பதக்கம் தந்தவர்களே சின் பெங்கின் தலைக்கு விலை வைத்தார்கள்.

என் தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். போர்க்காலத்தில், ஜப்பானோடு சேர்ந்து பிரிட்டனை எதிர்த்த நேதாஜி படையில் சேர்ந்து உறுதிமொழி எடுத்தவர். சேராவிட்டால் ஜப்பானியர் கட்டாய வேலை வாங்கிய சயாம் (தாய்லாந்து) ரயில் பாதைக்குப் பிடித்துப் போவார்கள் என்ற பயமும் இருந்தது என்று பாட்டி சொல்வார். உடனே அவருடைய பற்றைக் குறைத்துப் பேச வராதீர்கள். பயமும் பற்றும் ஒரே நெஞ்சில் இருக்கும். தன் அண்ணனை அந்த ரயில் பாதையில் சாகவிட்ட ஜப்பானியரின் பக்கம் நிற்க நேர்ந்ததுதான் அவரைக் கடைசிவரை அரித்தது.

அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக் கூடாதென்று, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தைச் சுற்றி முள்கம்பி, அளந்து கொடுத்த அரிசி. நேதாஜி படையில் இருந்த தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியைத் துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதைக் கேட்டதும் தாத்தா தன் படைப் புகைப்படத்தை அடுப்பில் போட்டுவிட்டார். வெள்ளைக்காரன் ஜப்பானுக்கு எதிராக யாரோடு சேர்ந்தான் என்று யாரும் விசாரிக்கவில்லை. தாத்தா யாரோடு சேர்ந்தார் என்றுதான் திரும்பத் திரும்ப விசாரித்தார்கள்.

கம்யூனிஸ்டுகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் எழுதக்கூடும். இல்லை. அவர்கள் சுட்டவர்களில் தமிழ்த் தொழிலாளர்களும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை.

விசுவாசம் என்றதும் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. மூன்று தலைமுறை உழைத்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது எங்களுக்கு ஒரு மனைகூடத் தரவில்லை. லயத்தைக் காலி செய்யச் சொன்ன கடிதத்தில் என் அம்மாவின் பெயரைக்கூடச் சரியாக எழுதவில்லை.