வால்யூமைக் குறைத்தாலும் 'உம்ம்' சத்தம்: தாத்தாவின் வால்வு ரேடியோ

தாத்தாவின் பழைய ரேடியோ உறுமுது, வால்வை (உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாயை) மாற்றணுமான்னு கேட்டிருந்தீங்க. வால்வை மாற்றிக் காசைக் கரியாக்காதீங்க. மலேசியாவில் சுங்கை சிப்புட் வீட்டில் தாத்தா வைத்துப்போன ரேடியோக்களில், அந்த மரப்பெட்டி செட் வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்தும் உறுமுகிறது என்றால், பவர் சப்ளையில் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர் (கரண்டின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் பாகம்) தான் பெரும்பாலும் காய்ந்திருக்கணும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ்; ரெக்டிஃபயர் (ஏசியை டிசியாக்கும் பாகம்) தாண்டியதும் பல செட்டில் அது 100 ஹெர்ட்ஸ் உறுமலாக ஸ்பீக்கருக்குப் போகுது.

வால்யூமோடு சேர்ந்து உறுமலும் ஏறி இறங்குதான்னு பாருங்க. இறங்கினால் கோளாறு வேற இடம். வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னால் தேடணும். பின்பலகையைத் திறந்தால் ஃபில்டர் கெப்பாசிட்டர் அலுமினிய டப்பா மாதிரி நிற்கும், அடியில் உப்புப் பூத்த மாதிரி கசிவு இருக்கலாம். புதுசு வாங்கும்போது வோல்ட் அளவு பழசுக்குக் குறையக் கூடாது. மைக்ரோஃபாரட் (கெப்பாசிட்டரின் கொள்ளளவு) பழசையொட்டி இருக்கட்டும். ரொம்ப ஏற்றினால் ரெக்டிஃபயர் வால்வு தாங்காது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் உயிர்போகும் அளவு கரண்ட் தங்கும். சில செட்டில் சேசிஸிலேயே (பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டிலேயே) வீட்டுக் கரண்ட் ஓடும். பழக்கமில்லாவிட்டால் பழைய ரேடியோ ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுங்க, அதுவரை ஓட்டாதீங்க, டிரான்ஸ்பார்மர் போயிடும்.

இன்னொன்று: வயரே இல்லாத செட் இருந்தால் அது பேட்டரி ரேடியோவா இருக்கலாம். அந்தக் காலத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) அதுதான் ஓடும். பிளக் மாட்டிப் பார்த்துடாதீங்க.