அம்மாவின் பிறந்தநாளுக்கு எந்த ஊர்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பவள். மூனிக்கில் கணவர், இரண்டு பிள்ளைகளுடன் இருக்கிறேன். தஞ்சாவூரிலிருந்து அம்மா மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார். அக்டோபர் நடுவில், ஒரு சனிக்கிழமை, அவருக்கு 65 வயது முடிகிறது. அப்பா போன பிறகு வரும் முதல் பெரிய பிறந்தநாள். லண்டனிலிருந்து தம்பியும் அவன் மனைவியும் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். இத்தாலி போகலாம் என்பது வரை எல்லோருக்கும் சம்மதம்.

வெள்ளி சாயங்காலம் கிளம்பி ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். தம்பி போட்ட திட்டம்: வெள்ளி இரவு வெனிஸ், சனி ஃபுளோரன்ஸ், ஞாயிறு ரோம், அங்கிருந்து விமானம். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு அம்மா ரோமைப் பார்க்காமல் போவதா?" என்கிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அவரைக் கேட்டால், "உங்களுக்கு எது சௌகரியமோ அதைச் செய்யுங்கள்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அவரிடம் சொல்லாமல் சர்ப்ரைஸாக அழைத்துப் போகலாம் என்றும் ஒரு யோசனை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் தம்பியின் ஆசை எனக்குப் புரிகிறது. அம்மாவுக்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தோன்றுவது நல்ல விஷயம்தான். ஆனால் இந்தத் திட்டம் வேண்டாம்.

கணக்குப் பார்த்தால் வெனிஸிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து ரோமுக்கு ஒன்றரை மணி நேரம். அது ரயிலுக்குள் இருக்கும் நேரம் மட்டும். காலையில் அறையைக் காலி செய்வது, ஏழு பேரின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு நிலையம் போவது, இறங்கிய ஊரில் அந்தப் பெட்டிகளை வைக்க இடம் தேடுவது எல்லாம் தனி. வெனிஸில் படகுத்துறையில் இறங்கியதும் தெருவுக்குத் தெரு பாலம், ஒவ்வொன்றிலும் படி. முழங்கால் வலியோடு இரவில் அவரை அதில் ஏற்றி இறக்க வேண்டாம். பிறந்தநாளன்று அவர் ஏதோ ஒரு பிளாட்பாரத்தில் பெட்டிக்குக் காவல் உட்கார்ந்திருப்பார். ரோமுக்கு நான்கு நாளாவது வேண்டும். மூன்று மாதம் இருக்கிறாரே, அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை இது: பொலோன்யாவில் ஒரே விடுதியில் இரண்டு இரவு. சனிக்கிழமை ரவென்னா போய்வருவது. அவ்வளவுதான். மூனிக்கிலிருந்து பொலோன்யாவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம் வாக்கில்தான் ஆகும். ப்ரென்னர் கணவாய் வழியாக ரயிலும் உண்டு, அழகான பாதை, ஆனால் ஒரு வார இறுதியில் பாதி அதிலேயே போய்விடும்.

பொலோன்யாவை நான் சொல்வதற்கு முதல் காரணம் அம்மாவின் கால். ஊரின் பழைய பகுதி பெரும்பாலும் சமதளம். தெருவின் இரு பக்கமும் வளைவுகளோடு கூடிய தாழ்வாரங்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் 62 கிலோமீட்டர் வரும் என்கிறார்கள். 2021-ல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பல்கலைக்கழகத்தால் கூட்டம் பெருகிய ஊரில் மாடி அறைகளைத் தெருவின் மேல் நீட்டிக் கட்டினார்கள். அந்த நீட்டலைத் தாங்கத் தூண் வைத்ததில் கீழே நடைபாதை கிடைத்தது. 1288-ல் நகராட்சி இதைச் சட்டமாகவே ஆக்கியது: தாழ்வாரத்துக்கான நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்கு. நம் ஊர்த் திண்ணை போலத்தான், வீட்டுக்காரர் கட்டியது, வழிப்போக்கர் உட்காருவது. அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள், அவருக்கு உடனே பிடிபடும். மழை வந்தாலும் குடை இல்லாமல் நடக்கலாம், வலித்தால் தாழ்வாரத்திலேயே நாற்காலி போட்ட காப்பிக் கடையில் உட்காரலாம். ஒன்று, உட்கார்ந்து குடித்தால் விலை கூடுதலாக இருக்கலாம். உள்ளூர்க்காரர்கள் நின்றபடியே குடித்துவிட்டுப் போவார்கள். அம்மாவுக்காக அந்தக் காசைக் கொடுக்கலாம்.

இரட்டைக் கோபுரங்களைக் கீழிருந்து பார்ப்பதோடு சரி. சாய்ந்திருக்கும் கரிசெண்டாவின் நிலை கவலைக்கிடமாகி 2023 அக்டோபரில் அதைச் சுற்றி அடைத்துவிட்டார்கள். குன்றின் மேலுள்ள சான் லூகா கோவிலுக்கு 666 வளைவுகளின் கீழே ஏறிப் போவது பிள்ளைகளுக்கு நன்றாக இருக்கும். அதைக் கணவரிடம் விட்டுவிடுங்கள்.

ரவென்னாவுக்கு வருகிறேன், என் மனம் முழுக்க இருப்பது அந்த ஊரில்தான். பொலோன்யாவிலிருந்து சாதாரண ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் வாக்கில். காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுவதற்கு முன் நிலையத்தில் இருக்கும் சிறிய இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் அபராதம். இந்த ஊரும் சமதளம்.

ரோமப் பேரரசர் ஒருவரின் மகளான கல்லா பிளாசிதியாவின் நினைவிடம் என்று ஒன்று இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டுக் கட்டடம். வெளியே வெறும் செங்கல், சிறியது, அலங்காரம் ஒன்றும் இல்லை. உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது. ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் அலபாஸ்டர் என்னும் கல்லின் மெல்லிய பலகை, அதன் வழியாக வரும் வெளிச்சம் தேன் நிறத்தில் இருக்கும். கண் பழகப் பழக, சிறு சிறு துண்டுகளைப் பதித்துச் செய்த மொசைக் ஓவியமாக ஆழ்ந்த நீலத்தில் கூரை தெரியவரும், அதில் வட்ட வட்டமாகத் தங்க நட்சத்திரங்கள். கிண்ணத்தின் விளிம்பில் இரண்டு புறாக்கள். வாசலுக்கு மேலே ஆடுகளோடு மேய்ப்பன். உள்ளே சில நிமிடங்கள்தான் இருக்க விடுவார்கள், அதனால் நேரத்தை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். உள்ளே அம்மாவிடம் எதையும் விளக்க வேண்டாம். போன் வெளிச்சமும் வேண்டாம்.

அதே வளாகத்தில் சான் வித்தாலே தேவாலயம், 547-ல் அர்ப்பணிக்கப்பட்டது. இங்கேயும் சுவரில் மொசைக் ஓவியங்கள்: ஒரு பக்கம் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன், எதிரே அரசி தியோடோரா, இருவரும் பரிவாரங்களோடு. இருவரும் ரவென்னாவுக்கு வந்தவர்கள் இல்லை, அவர்கள் ஆட்சியின் அடையாளமாகச் சுவரில் நிற்கிறார்கள். தியோடோராவின் அங்கியின் கீழ்க்கரையைப் பாருங்கள்: குழந்தை இயேசுவுக்குப் பரிசு கொண்டுபோகும் மூன்று ஞானிகளை அந்தக் கரையிலேயே வைத்திருக்கிறார்கள். பின்னால் நிற்கும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு நிறம், வேறு வேறு பூ வேலை. தங்கப் பகுதிகளில் கண்ணாடித் துண்டுகளுக்குள் தங்கத் தகடு இருக்கிறது. துண்டுகளைச் சற்றே சாய்த்துப் பதித்திருப்பதால், நாம் இரண்டடி நகர்ந்தால் மின்னும் இடமும் நகரும். பட்டுப்புடவைக் கரையை விரலால் தடவிப் பார்க்கும் ஒருவர் இதன் முன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பார். அவர் போதும் என்று சொல்லும்வரை அவசரப்படுத்தாதீர்கள்.

நேரம் இருந்தால் தாந்தேயின் கல்லறை. ஃபுளோரன்ஸ் நாடுகடத்திய கவிஞர் 1321-ல் இங்கேதான் இறந்தார். எலும்புகளை ஃபுளோரன்ஸ் கேட்டும் ரவென்னா கொடுக்கவில்லை. அங்கே எரியும் விளக்குக்கு ஆண்டுதோறும் எண்ணெய் மட்டும் ஃபுளோரன்ஸிலிருந்து வருகிறது.

சாப்பாடுதான் கவனமாக இருக்க வேண்டிய இடம். பொலோன்யா இறைச்சி ஊர். பெயர்பெற்ற தொர்தெல்லினி என்னும் பாஸ்தாவின் உள்ளே பன்றி இறைச்சி, அதை மிதக்கவிடுவது கோழி, மாட்டு ரசத்தில். சைவம் என்று நம்மவர்கள் நம்பிச் சாப்பிடும் அன்றாடப் புதுப் பாஸ்தாவின் மாவையும் அங்கே முட்டை ஊற்றித்தான் பிசைகிறார்கள். பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி உண்டு. ரவென்னாப் பக்கத்து பியாதினா ரொட்டியில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், ஆலிவ் எண்ணெயில் செய்வதும் கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். அம்மாவுக்குப் பாதுகாப்பானது ரவையும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த உலர் பாஸ்தா, தக்காளி அல்லது காளான் சேர்த்து, சீஸ் தூவாமல். "சென்ட்ஸா கார்னே, சென்ட்ஸா ப்ரோதோ, சென்ட்ஸா உவோவா" என்றால் இறைச்சி, ரசம், முட்டை வேண்டாம் என்று பொருள். இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முட்டையில்லாத கேக்குக்கு அலைய வேண்டாம். பழச்சாற்றில் செய்யும் சொர்பெத்தோ வாங்கி மெழுகுவத்தி ஏற்றுங்கள், பெரும்பாலும் முட்டை இருக்காது, ஆனாலும் கேட்டுவிடுங்கள். சமையலறை உள்ள அடுக்ககம் கிடைத்தால் இன்னும் நல்லது. குக்கரும் கொஞ்சம் பருப்பும் எடுத்துப் போனால் காலையில் அம்மா வயிறாரச் சாப்பிட்டுக் கிளம்புவார்.

இன்னொரு நிம்மதி: 1975-ன் ஒரு அரசாணைப்படி இத்தாலியில் வீட்டுக் கழிவறையில் தண்ணீரில் கழுவும் தொட்டி கட்டாயம். அடுக்ககத்தில் அது இருக்கும். மற்ற ஐரோப்பிய ஊர்களில் நம் பெரியவர்கள் படும் சங்கடம் இங்கே இல்லை.

ஞாயிறு காலை பொலோன்யாவின் சான் பெத்ரோனியோ தேவாலயம். தரையில் கிட்டத்தட்ட 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு, 1655-ல் வானியலாளர் கஸ்ஸீனி போட்டது. கூரையில் உள்ள துளை வழியாக வரும் சூரிய ஒளி வட்டமாகத் தரையில் ஊர்ந்து, உச்சிப் பொழுதில் அந்தக் கோட்டைக் கடக்கும். அக்டோபர் நடுவில் அது பிற்பகல் ஒரு மணி வாக்கில் வரும். திறந்திருக்கும் நேரத்தை முன்னாலேயே பார்த்துவிட்டு, பிள்ளைகளைக் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள், பாட்டியையும். மதிய உணவுக்குப் பிறகு விமானம் பிடிக்க நேரம் தாராளமாக இருக்கும்.

சர்ப்ரைஸ் வேண்டாம். மாத்திரை, முழங்கால் பட்டை, நடக்கிற செருப்பு எல்லாம் அவரே எடுத்துவைக்க வேண்டியவை. அதைவிட முக்கியம், ஊரில் அக்கா தங்கைகளிடம் "இத்தாலி போகிறேன்" என்று போனில் சொல்லும் சந்தோஷத்தை அவருக்கு ஒரு மாதம் கொடுங்கள். "எங்கே போகலாம்" என்று கேட்காமல், படங்களைக் காட்டி "இது பிடிக்கிறதா, அது பிடிக்கிறதா" என்று கேளுங்கள். "உங்கள் சௌகரியம்" என்பவர்கூட படத்தைப் பார்த்தால் விரல் வைத்துக் காட்டிவிடுவார்.

அம்மாவின் ஜெர்மன் விசா ஷெங்கன் விசாவாக இருப்பதால், அது செல்லுபடியாகும் நாட்களுக்குள் இத்தாலிக்கும் போதும். பாஸ்போர்ட்டை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள். ஆனால் தம்பியோ அவர் மனைவியோ இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்தால் பிரிட்டன் விசா இங்கே உதவாது. அவர்கள் தனியாக ஷெங்கன் விசா வாங்க வேண்டும், விண்ணப்பிக்க நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம். டிக்கெட் போடுவதற்கு முன்னால், இன்றைக்கே தம்பிக்கு போன் செய்து கேட்டுவிடுங்கள்.